இரண்டு டிகிரி எங்கிருந்து வந்தது

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயம்மாவின் வேலை போயிற்று. போவதற்குக் காரணமான எண்ணை எழுதிக் கொடுத்தவன் ரஞ்சித்குமார்.

மீஞ்சூருக்கு வெளியே, ரயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற தகரக் கூரைகளில் ஒன்று அந்தக் கம்பெனி. பென்சாயிக் அமிலம் செய்கிறார்கள். படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் போடுகிற களிம்பில் சேரும் வெள்ளைப் பொடி. அதை வாங்கும் களிம்புக் கம்பெனி, 114-ஆம் பேட்ச் சரக்கு வேண்டாம் என்று கடிதம் அனுப்பியிருந்தது. நல்ல சரக்கு 121 டிகிரிக்கு முன்னால் உருகத் தொடங்கக் கூடாது. 124-க்குள் உருகி முடிந்துவிட வேண்டும். இது அவர்கள் லேபில் 119.5-லேயே உருகத் தொடங்கி 121-ல் முடிந்துவிட்டதாம். ரஞ்சித் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சான்றிதழிலோ 121.5 முதல் 123 வரை என்று இருந்தது.

"கன்ட்ரோல் சாம்பிளைப் போட்டுப் பாருப்பா" என்றார் தருமலிங்கம். லேபுக்கும் சரக்கின் தரத்துக்கும் அவர்தான் மேலாளர்.

ஒவ்வொரு பேட்சிலும், சரக்கு மூட்டை கட்டும் அறைக்குப் போவதற்கு முன்பே ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்து மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த பாட்டில்தான் சாட்சி. ரஞ்சித் 114-ஐத் திறந்து, பொடியை அரைத்து, ஊசி போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்து, எண்ணெயில் சூடாக்கிப் பார்த்தான். 121.5 முதல் 123. மறுபடி பார்த்தான். அதே எண். மூன்றாம் முறையும் அதே.

"பாத்தியா?" என்றார் தருமலிங்கம். "நம்மகிட்ட இருக்கிறது நல்லா இருக்கு. வெளியே போனது கெட்டிருக்கு. நடுவுல இருக்கிறது பேக்கிங் ரூம் ஒண்ணுதான். அன்னிக்குக் காலையில அங்க சாலிசிலிக்னு வேற பொடி கட்டியிருக்காங்க. பொடி அள்ளுற அந்த ஸ்கூப்பைக் கழுவாம இதுல விட்டிருக்கா அந்தம்மா. வேற பொடி ஒரு சிட்டிகை கலந்தாலும் உருகுநிலை இறங்கிடும். உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் முதல் வருடப் பாடம் அது. ரஞ்சித் தலையாட்டினான்.

ஜெயம்மாவைக் கூப்பிட்டார்கள். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரஞ்சித்தின் ஊர்தான், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம். நான்கு வருடத்துக்கு முன்புவரை ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள். விரல்கள் வெடித்துப் புண் ஆறாமல் போகவே, காண்ட்ராக்டில் இங்கே மூட்டை கட்ட வந்தாள்.

"கழுவினேன் சார்" என்றாள்.

"எப்போ?"

"எப்பவும் கழுவறவதான். அன்னிக்கு மட்டும் இன்னா, குழாய்ல தண்ணி வத்திப்போச்சா?"

"எங்கேயாவது எழுதி வச்சியா?"

"எழுதத் தெரிஞ்சிருந்தா உங்க நாற்காலில நான் குந்தியிருப்பேன் சார்."

தருமலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. அதுதான் மோசம். அவர் மனதில் அது முடிந்துபோன காரியம். "காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேம்மா. சனிக்கிழமை வரைக்கும் செய். திங்கட்கிழமை வர வேணாம்" என்றார்.

ஜெயம்மா ரஞ்சித் பக்கம் திரும்பினாள். "நைனா, நீ சொல்லு. நீதானே பாத்தே. நான் எதையோ கலந்துட்டேன்னு உன் கண்ணாடிக் குழாய் சொல்லிச்சா?"

"இங்க இருக்கிறதுல கலப்பு இல்லக்கா. அங்க போனதுல இருக்குன்றாங்க."

"அப்போ நடுவுல நானு."

தான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அவள் போன பிறகு கண்ணாடிக் குழாய்களைக் கழிவுப் பெட்டியில் போட்டான். மனதில் ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாக அப்படித்தான். மனைவி வினோதினி மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் படுத்துப் போய்ச்சேர்ந்தாள். அதற்குப் பிறகு யார் எது சொன்னாலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்டது. சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். வேறு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மீஞ்சூரில் ரயில் ஏறி, அனுப்பம்பட்டு தாண்டி, பொன்னேரியில் இறங்கி, பஸ்ஸில் பழவேற்காடு வந்தார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் ஜெயம்மா அவன் பக்கம் பார்க்கவில்லை. படகில் ஏறியதும் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"நம்ம ஊரு சயின்டிஸ்டு என் வேலைக்கு உலை வச்சுட்டாரு, தெரியுமா?"

"இன்னாடி ஆச்சு?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு டிகிரி கொறைஞ்சுபோச்சாம். நான் தின்னுட்டேன்."

படகு சிரித்தது. ஜெயம்மா சிரிக்கவில்லை. அவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "கேளு நைனா. நான் கழுவலைன்னா கழுவலைன்னு சொல்லிட்டுப் போவேன். எனக்கு இன்னா பயம்? வேலை போனா மறுபடி ஏரிக்குத்தான் போவணும். இந்தக் கையை வச்சுகினு." கையைத் திருப்பிக் காட்டினாள். விரல் நுனிகளில் பழைய வெடிப்புகள் வெள்ளைக் கோடுகளாக நின்றிருந்தன. "ரெண்டு நாள் உப்புத் தண்ணியில வச்சா பிளந்துக்கும். அதுக்காகப் பொய் சொல்லுவேன்னு நெனைக்கிறியா? சொல்லுவேன். ஆனா இதுல சொல்லல. கழுவினேன்."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

"பாக்கறேன்க்கா" என்றான்.

"இன்னாத்த பாப்பே?"

"ரெண்டு டிகிரி எங்க போச்சுன்னு."

சொன்ன பிறகுதான், அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கு உறைத்தது. ஐந்து மாதத்தில் அவனாக ஒரு காரியத்தைச் செய்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே லேபுக்குப் போய்விட்டான். கூட வேலை செய்யும் எப்சிபா ஒன்பதுக்கு வந்தபோது மேசை முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன.

"இன்னா ரஞ்சித், கடை போட்டுட்டே?"

"உருகுநிலை எப்படியெல்லாம் தப்பா வரும்னு பாக்கறேன்."

"மூணு தரம் ஒரே மாதிரி வந்துச்சுன்னியே."

"வந்துச்சு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். அவன் ஒவ்வொன்றாகப் பிடித்தான். வேகமாகச் சூடேற்றினால் பொடி உருகுவதற்குள் எண்ணெய் முந்திக்கொள்ளும். தெர்மாமீட்டர் கூடுதலாகக் காட்டும். வேண்டுமென்றே அடுப்பை ஏற்றி, நிமிடத்துக்கு ஆறு டிகிரி ஓடவிட்டான். ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனது. ஆனால் அவன் எப்போதும் நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்றுவான்; கைக்கடிகாரம் பக்கத்திலேயே இருக்கும். பொடியைக் குழாயில் தளர்வாக அடைத்துப் பார்த்தான். அளவுக்கு அதிகமாக அடைத்துப் பார்த்தான். அரைக்காமல் கட்டியாகப் போட்டுப் பார்த்தான். ஒரு முறை உருகி உறைந்த குழாயையே மறுபடி சூடாக்கிப் பார்த்தான். ஈர விரலால் தொட்ட பொடியைக்கூட விடவில்லை. அரை டிகிரி, கால் டிகிரி, ஒன்றுமில்லை. தெர்மாமீட்டரின் குமிழ் குழாயின் அடியோடு ஒட்டி நிற்காமல் மேலே தள்ளி நின்றால் எண்ணெயின் வேறு சூட்டைக் காட்டும். அதையும் தள்ளி வைத்துப் பார்த்தான். முக்கால் டிகிரி.

எதுவும் இரண்டாகவில்லை.

பதினொன்றரை மணிக்குத் தருமலிங்கம் எட்டிப் பார்த்தார். "இன்னும் என்னப்பா?"

"114."

"அதான் முடிஞ்சுபோச்சே."

"எனக்கு முடியல சார்."

அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மனைவி போன பையன், எதையாவது நோண்டிக்கொண்டு இருக்கட்டும் என்ற தட்டல் அது. ரஞ்சித்துக்குப் புரிந்தது. பரவாயில்லை.

களிம்புக் கம்பெனியின் கடிதத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 114-ஐக் கடைசியாக ஒரு முறை சரியாகச் செய்தான். சாதாரண வேகம், சாதாரண அளவு. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பொடியின் ஓரம் கசிந்து பளபளத்தது. உடனே தெர்மாமீட்டரைப் பார்த்தான். 119.5. கை தானாகப் பென்சிலை எடுத்து 121.5 என்று எழுதப் போனது.

நின்றான்.

தெர்மாமீட்டர் தாங்கியில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் "+2.0" என்று இருந்தது. இந்தத் தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி குறைவாகக் காட்டும், காட்டுவதோடு இரண்டைக் கூட்டிக்கொள் என்று அர்த்தம். ஐந்து மாதமாகக் கண் ஒன்றைப் பார்க்கும், கை வேறொன்றை எழுதும். நடுவில் கூட்டுகிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

பொடி முழுதும் தெளிந்தது. தெர்மாமீட்டரில் 121. கடிதத்தைப் பார்த்தான். 119.5 முதல் 121 வரை. கூட்டாமல் விட்டால் இரண்டு லேபும் ஒரே எண்ணைத்தான் சொல்லின.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. வேற்றுப் பொடி கலந்தால் உருகுநிலை இறங்குவதோடு நிற்காது. உருகத் தொடங்குவதற்கும் முடிவதற்கும் நடுவே இடைவெளி விரியும். மூன்று, நாலு டிகிரிகூட ஆகும். அவன் சான்றிதழில் இடைவெளி ஒன்றரை. அவர்கள் கடிதத்திலும் ஒன்றரை. விரியவே இல்லை. அப்படியே கீழே நகர்ந்திருந்தது. பொடி மாறவில்லை. அளவுகோல்தான் மாறியிருந்தது.

"எப்சிபா, ஐஸ் இருக்கா?"

லேப் ஃப்ரிட்ஜில் வடித்த தண்ணீரில் உறைந்த ஐஸ் இருந்தது. உடைத்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு, கொஞ்சம் வடித்த தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரை நட்டான். சுத்தமான ஐஸும் தண்ணீரும் சேர்ந்து நின்றால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் காத்திருந்தான். பூஜ்யம். பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியில் பிடித்தான். நூறு.

தெர்மாமீட்டரில் எந்தக் குறையும் இல்லை. கூட்டியதுதான் குறை. 114 முதலிலிருந்தே மட்டமான சரக்கு. செய்கிற இடத்திலேயே பொடியைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பார்கள்; அந்த ஒன்றரை டிகிரி இடைவெளியே அதனால்தான். அன்றைக்கே லேபில் பிடித்து, இன்னொரு தரம் கழுவி உலர்த்தச் சொல்லியிருக்க வேண்டும். அவன் நல்லது என்று கையெழுத்துப் போட்டு விட்டிருந்தான்.

தெர்மாமீட்டர் சோதனை ரிஜிஸ்டரைத் திறந்தான். மார்ச் மாதத்தில் ஒரு வரி. ஐஸில்: மைனஸ் 2.0. கொதிநிலை என்ற கட்டத்தில் வெறும் கோடு. திருத்தம்: கூட்டு 2.0. கையெழுத்து அவனுடையது. பக்கத்தில் தருமலிங்கத்தின் கையெழுத்து. தேதியைப் பார்த்தான். வினோதினியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் அவன் வேலைக்குத் திரும்பிய தேதி.

எழுத்து நடுங்கவில்லை. அழகாக, நிதானமாக இருந்தது. அந்த நாளை யோசித்தான். ஒன்றுமே வரவில்லை. எப்படி வந்தான், என்ன சாப்பிட்டான், இதை எப்போது எழுதினான் என்று எதுவும் இல்லை. யாரோ அவன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனது போல் இருந்தது.

"அந்த வாரம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்ல இருந்துச்சு" என்றாள் எப்சிபா, தோளுக்கு மேலாகப் பார்த்து. "முந்தின நாள் போன்ல சொன்னேன், ஐஸ் நீதான் கொண்டாந்தே. தெர்மாகோல் பொட்டியில. எங்கேருந்துன்னு தெரியல."

தருமலிங்கத்திடம் போனான். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "இன்னிக்குப் பூஜ்யம் காட்டுது, சரி. அன்னிக்கு மைனஸ் ரெண்டு காட்டியிருக்கே? பாதரசம் எங்கேயாவது பிரிஞ்சு நின்னிருக்கும். அப்புறம் தானா சேந்திருக்கும். எப்போ சேந்துச்சுன்னு உன்னால சொல்ல முடியுமா? 114 பார்க்கும்போது தப்பாத்தான் காட்டிச்சுன்னா, கூட்டினது சரிதானே."

அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. தெர்மாமீட்டர் அன்றும் சரியாகவே இருந்தது என்று காட்ட வேண்டுமானால், அன்றைக்கு வந்த ஐஸ் எது என்று தெரிய வேண்டும்.

மூட்டை கட்டும் அறை வாசலில் போய் நின்றான். ஜெயம்மா ஒரு பிளாஸ்டிக் உறையின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ரை நாளு இருக்கு. அதுக்குள்ள தொரத்த வந்துட்டியா?"

"அக்கா, மார்ச்சுல நான் வேலைக்குத் திரும்பி வந்த அன்னிக்கு, ஐஸ் பொட்டி எடுத்துகினு வந்தேனா?"

ஜெயம்மாவின் கை நின்றது. "உனக்கே தெரியாதா?"

"தெரியல."

அவள் உறையைக் கீழே வைத்தாள். குரலில் இருந்த குத்தல் போயிருந்தது. "சட்டையைத் திருப்பிப் போட்டுகினு வந்தே. படகுல நான்தான் சொன்னேன். அங்கேயே கழட்டி மாத்துனே, சின்னப் புள்ளை மாதிரி. எங்க சின்னப்பன் அண்ணன் இறாப் பொட்டி கட்டினு இருந்துச்சு கரையில. கம்பெனிக்கு ஐஸ் வேணும்னு கேட்டே. ஏன், எதுக்குன்னு ஒண்ணும் சொல்லல. இன்னா நைனா, ஆபீசருக்கு இறா கொண்டுபோறியான்னு கேட்டேன். நீ வாயைத் தொறக்கல."

"ஐஸ் யாரு எடுத்துக் குடுத்தாங்க?"

"நான்தான். பொட்டியில வாரிப் போட்டது நானு."

"வெறும் ஐஸா?"

"வெறும் ஐஸை எவன் பொட்டியில போடுவான்? மீஞ்சூர் போறதுக்குள்ள சில்லுன்னு இருக்கணுமே. ரெண்டு கை உப்பு வாரித் தூவி மூடினேன்."

"உப்பா?" என்றான் ரஞ்சித்.

பழவேற்காட்டுக் கரையில் இறால் பெட்டி கட்டுகிற எல்லோரும் செய்வதுதான். உடைத்த ஐஸில் உப்பைத் தூவினால் பெட்டி வெறும் ஐஸைவிடச் சில்லிட்டுப்போகும். இறால் விறைப்பாகச் சந்தைக்குப் போகும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் பார்த்துவருவது. உப்புக் கலந்தால் தண்ணீரின் உறைநிலை இறங்கும் என்பது கல்லூரியில் அவன் எழுதி மதிப்பெண் வாங்கியது. இரண்டும் அவனுக்குள்ளேயே இருந்தன. அன்றைக்கு இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவில்லை.

"இன்னா நைனா? முகம் ஏன் இப்படிப் போவுது?"

"அந்த உப்புதான்க்கா ரெண்டு டிகிரி."

அவளுக்கு விளங்கச் சொன்னான். சுருக்கமாகச் சொன்னான், ஆனால் எதையும் விடவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்போ நான் போட்ட உப்பு எனக்கே வந்து விடிஞ்சிருக்கு" என்றாள். பிறகு திடீரென்று கோபம் வந்தது. "ஏண்டா, பசியாவரத்துல பொறந்தவன்தானே நீ? இறாப் பொட்டி ஐஸுல உப்பு இருக்கும்னு கைக்குழந்தைக்குத் தெரியுமே!"

"தெரியும்க்கா. அன்னிக்குத் தெரியல."

அவள் கீழே வைத்த உறையை மறுபடி எடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் இறங்குதுறைக்குப் போய், சின்னப்பனிடம் ஒரு பெட்டி ஐஸ் கேட்டான். வழக்கம்போலக் கட்டிக் கொடுக்கச் சொன்னான். "உப்பு போடவா வேணாவா?" என்றார் அவர். ஜெயம்மா வீட்டிலேயே சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. "எப்பவும் போடற மாதிரி போடுங்க" என்றான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தான்.

தருமலிங்கத்தைக் கையோடு கூட்டி வந்து மேசை முன் நிறுத்தினான். எப்சிபாவையும் நிற்கச் சொன்னான். இரண்டு குடுவைகள். ஒன்றில் லேப் ஐஸ், ஒன்றில் பெட்டி ஐஸ். இரண்டிலும் ஒரே அளவு வடித்த தண்ணீர். ஒரே தெர்மாமீட்டர். முதல் குடுவையில் பூஜ்யத்தில் நின்றது. துடைத்து இரண்டாவதில் நட்டான். பாதரசம் பூஜ்யத்தைக் கடந்து கீழே போனது. மைனஸ் 1.5. மைனஸ் 2. இன்னும் கொஞ்சம் இறங்கி, மைனஸ் 2.3-ல் நின்றது. மறுபடி முதல் குடுவைக்கு மாற்றினான். ஏறிப் பூஜ்யத்துக்கு வந்தது.

"நீங்களே நட்டுப் பாருங்க சார்."

தருமலிங்கம் நட்டுப் பார்த்தார். இரண்டு முறை. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்போ அவதான் உப்பைப் போட்டிருக்கா."

"உப்பு போட்டது அவங்க. அதுல தெர்மாமீட்டரை வச்சது நான். கொதிநிலை பாக்காம விட்டதும் நான். அதுக்குப் பக்கத்துல கையெழுத்துப் போட்டது நீங்க."

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தருமலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடமாக ஒழுங்காக வேலை பார்த்தவர். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. "ரஞ்சித், நான் சொல்றதைக் கேளு. பேக்கிங்ல கலந்துடுச்சு, ஆளை மாத்திட்டோம்னு எழுதினா களிம்புக்காரங்க ஏத்துப்பாங்க. ஒரு பேட்சோட போச்சு. லேப் தப்புன்னு எழுதினா மார்ச்சுலேர்ந்து போன எல்லாமே கேள்விக்கு வரும். எத்தனை பேட்ச் தெரியுமா?"

"இருபத்தி மூணு. எண்ணிட்டேன்."

"முதலாளி உன்னை வச்சிருப்பாருன்னு நெனைக்கிறியா?"

"தெரியல."

"அந்தம்மாவுக்கு நான் வேற இடத்துல வேலை பேசித் தர்றேன். சத்தியமா. பொன்னேரியில எனக்குத் தெரிஞ்சவங்க கம்பெனி இருக்கு."

"அவங்க கழுவினாங்க சார்."

"அது இப்போ யாருக்குமே…"

"கழுவலைன்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லியிருக்கோம். கழுவினாங்க."

இதைச் சொன்னபோது தன் குரல் தன் காதுக்கே கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ இல்லை. அவனுடைய குரல்தான்.

அந்த ரிஜிஸ்டரில் பக்கங்களுக்கு அச்சடித்த எண் உண்டு. கிழிக்க முடியாது; பென்சிலில் எழுதக் கூடாது; அடித்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து. ரஞ்சித் மார்ச் மாதத்து வரியின் மேல் ஒரு கோடு போட்டான். கீழே எழுதினான்: "ஐஸில் உப்புக் கலந்திருந்தது. இந்தத் திருத்தம் தவறு. இதைப் பயன்படுத்திக் கொடுத்த இருபத்து மூன்று சான்றிதழ்களும் செல்லாது. 114-ஆம் பேட்சில் மூட்டை கட்டும் அறையின் தவறு எதுவும் இல்லை." பேரும் தேதியும் போட்டான். தாங்கியில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்து, அந்தப் பக்கத்திலேயே ஒட்டி, அதன் மேலும் கையெழுத்திட்டான்.

தருமலிங்கம் அதைத் தடுக்கவில்லை. எழுதியதை இரண்டு முறை படித்தார். "பேனாவைக் குடு" என்றார் கடைசியில். தன் கையெழுத்தையும் போட்டார். போட்டுவிட்டு, "உப்பு…" என்று தலையை ஆட்டிக்கொண்டே முதலாளிக்கு போன் பண்ண எழுந்து போனார்.

முதலாளி கத்தினார். அது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. மூன்று மாதத்துக்கு ரஞ்சித் சான்றிதழில் கையெழுத்துப் போடக் கூடாது. இருபத்து மூன்று பேட்சின் கன்ட்ரோல் சாம்பிளையும் அவனே மறுபடி பார்க்க வேண்டும். எப்சிபா பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அவனை என்ன செய்வது என்று பார்க்கலாம். காண்ட்ராக்டரிடம் தருமலிங்கமே பேசினார். ஜெயம்மாவிடம் சொல்ல ரஞ்சித் போனான்.

அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை கம்பெனி கேட்டு லிஸ்டுல என் பேரு இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"இல்லைன்னா உன் வீட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன். ஊரே பாக்கும்."

"வாங்க."

திங்கட்கிழமை கேட்டில் அவள் பேர் இருந்தது. அவள் நேராகத் தருமலிங்கத்தின் அறைக்குப் போனாள். "சார், இனிமே ஸ்கூப் கழுவினா எழுதி வைக்க ஒரு நோட்டு குடுங்க. எனக்கு எழுதத் தெரியாது. கட்டம் போட்டுக் குடுத்தா கைநாட்டு வைப்பேன். நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணும்" என்றாள். தருமலிங்கம் மறுபேச்சில்லாமல் ஒரு புது நோட்டை எடுத்துக் கட்டம் போட்டார்.

ரஞ்சித் அலமாரியிலிருந்து பாட்டில்களை இறக்கி வரிசையாக வைத்தான். முதலில் ஐஸ், பிறகு ஆவி. பூஜ்யமும் நூறும் எழுதி, எப்சிபா கையெழுத்திட்ட பிறகுதான் எண்ணெயைச் சூடாக்கினான். 92 தேறியது. 93 தேறியது. 94-ல் பொடி 120-லேயே கசிந்தது. திருப்பி வாங்க வேண்டும் என்று சிவப்பில் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் மூன்று குழாய். நிமிடத்துக்கு ஒரு டிகிரி. இந்த வேகத்தில் போனால் நாலு நாள் ஆகும். வேகத்தைக் கூட்ட முடியாது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் ஜெயம்மா லேப் ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"எத்தினி ஆச்சு நைனா?"

"ஆறு."

"எத்தினி தேறல?"

"ரெண்டு."

"அதையும் எழுதினியா?"

"எழுதினேன்."

அவள் மேசையில் நின்ற பாட்டில்களைக் கண்ணால் எண்ணினாள். "இன்னும் பதினேழு கிடக்கு. ஆறே காலுக்கு ரயிலு. வரியா, இல்ல இங்கயே குந்தினு இருப்பியா?"

"இதை முடிச்சுட்டு அடுத்த ரயில்ல வர்றேன். படகை நிக்கச் சொல்லுங்க."

"சொல்றேன். நின்னா நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். எண்ணெய் 118-க்கு ஏறியிருந்தது. ரஞ்சித் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, குழாயின் அடியில் இருந்த பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.